அம்மாவின் குரலும் புது டிஸ்க்கும்

லேப்டாப்புக்குப் புது டிஸ்க் போட்டு, அதில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவது பற்றித்தான் எழுதப் போகிறேன். "இது நமக்கு எதுக்கு? வீட்டுக்காரர் பார்த்துப்பார், இல்லேன்னா பையன் பார்த்துப்பான்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! குக்கருக்கு காஸ்கெட் மாற்றவும், மிக்ஸி பிளேடைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டவும் தெரிந்த எந்தப் பெண்ணும் இதைச் செய்யலாம். நான் செய்தேன். எனக்கு வயது 48. படிப்பு பிளஸ் டூ. மன்னார்குடியில் வீட்டோடு இருந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டு லேப்டாப், பெரியவள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது 2019ல் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2011ல் ஆரம்பமானது. நம்மில் எத்தனையோ பேர் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். எங்களுடையது தூங்கவில்லை. பெரியவள் காலேஜ் முடித்தாள். சின்னவன் கொரோனா சமயத்தில் அதில்தான் ஆன்லைன் வகுப்பு பார்த்தான். என் தையல் கணக்கும் அதில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று அதில் இருந்தது. 2020ல் ஊரடங்கு போட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, என் அம்மாவைப் பேச விட்டு போனில் பதிவு செய்தேன். பத்தியக் குழம்பு எப்படி வைப்பது, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கால் நீட்டிக் குளிப்பாட்டுவது எப்படி, தாத்தா காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்த கதை, எங்கள் குடும்பத்தில் பாடுகிற தாலாட்டு என்று மொத்தம் 43 பதிவுகள். அந்த போன் கெட்டுப் போனது. லேப்டாப்பில் மாற்றி வைத்திருந்ததுதான் மிச்சம். 2022 ஐப்பசியில் அம்மா போய்விட்டாள்.

2025 கார்த்திகையில் அந்த லேப்டாப் முனக ஆரம்பித்தது. ஆன் செய்தால், அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம். அப்போதுதான் திரை வரும். போதாததற்கு உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம்.

கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரப் பையன் காதை வைத்துக் கேட்டான்.

"அக்கா, டிஸ்க் போகப் போகுது. புதுசு போட்டு, சிஸ்டம் ஏத்தித் தரேன். ஆனா உள்ளே இருக்கிற டேட்டாவுக்கு நான் கேரண்டி இல்லே."

"என் அம்மா குரல் இருக்குப்பா அதுலே..."

"எடுக்க முடிஞ்சா எடுத்துத் தரேங்க்கா. நாளைக்கு வாங்க."

அவன் மேல் தப்பில்லை. நாளைக்கு இருபது மெஷின் பார்க்கிறவனுக்கு இது இருபத்தோராவது. எனக்கு அப்படியா? பையில் போட்டு வீட்டுக்கே திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.

இவர், "புதுசே வாங்கிடலாமே? உனக்கு எதுக்கு வேண்டாத வேலை?" என்றார். புது லேப்டாப் வாங்கினால் புது லேப்டாப் வரும். அம்மாவின் குரல் வருமா? பெரியவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். போனில் பேசும்போதெல்லாம் அவள் கேட்ட ஒரே கேள்வி, "அம்மா, பாட்டி குரல் பத்திரமா இருக்கில்லே?" என்பதுதான்.

திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கிற அண்ணன் மகனுக்கு போன் போட்டேன். "அத்தை, முதல்லே அதை ஆஃப் பண்ணி வைங்க. ஞாயித்துக்கிழமை வரேன். நீங்களே செய்யலாம், நான் சொல்லித் தரேன்" என்றான்.

அவன் சொல்லித் தந்ததை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கேளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே கிராமபோன் தட்டு போல ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் லேப்டாப்பில் இருந்த மாதிரியானவை நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகின்றன, வினாடிக்கு 90! கிராமபோன் முள் மாதிரி ஒரு கை அதன் மேல் ஓடி ஓடிப் படிக்கிறது. முள் தட்டைத் தொடாது, மயிரிழையைவிட நுண்ணிய இடைவெளியில் மிதக்கும். ஓடுகிற சாமான் எதுவும் ஒருநாள் தேயத்தானே வேண்டும்? இந்த மாதிரி டிஸ்க் முதன்முதலில் வந்தது 1956ல், ஐ.பி.எம். கம்பெனியில். ஒவ்வொன்றும் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துதான். இன்றைக்கு போனில் எடுக்கிற இரண்டு போட்டோவுக்குக்கூடக் காணாது.

புதிதாக வந்திருக்கிற எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. எல்லாம் சில்லு. நாம் எழுதுவதை மின்சாரத் துளிகளாகச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைக்கிறது. ஜப்பானில் தோஷிபா கம்பெனியிலிருந்த ஃபுஜியோ மசுவோகா என்ற இன்ஜினீயர் 1980களில் கண்டுபிடித்த ஃப்ளாஷ் நினைவகம்தான் இதற்கு அடிப்படை. நம் பென் டிரைவ், போன் எல்லாவற்றிலும் இருப்பதும் அதே ஜாதிதான். ஓடித் தேட வேண்டிய வேலை இல்லாததால் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடும்.

சரி, ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? புது டிஸ்க் என்பது வெள்ளையடித்த காலி வீடு. அதில் குடித்தனம் நடத்த ஓர் ஆள் வேண்டும். எந்தச் சாமான் எந்த அலமாரியில், யார் எப்போது எதைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நாம் செய்கிற அந்த வேலையைத்தான் கம்ப்யூட்டருக்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறது. நாம் இரண்டு நாள் பிறந்த வீட்டுக்குப் போனால் வீடு என்ன ஆகிறது? அது இல்லாத கம்ப்யூட்டரும் அப்படித்தான்!

எங்கள் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11க்கு எங்கள் லேப்டாப்பின் பிராசஸர் தகுதி இல்லை. அதனால் மருமகன் லினக்ஸ் மின்ட் என்பதைச் சொன்னான். காசு கிடையாது, 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மெஷினிலும் ஓடும். ஒரு வேடிக்கை கேளுங்கள்: 2006லிருந்து வருகிற அதன் பெரிய பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர்தான் வைக்கிறார்கள். முதல் பதிப்பு 'அடா'. 2024ல் வந்த 22ஆம் பதிப்பு 'வில்மா'. எனக்கு அதைக் கேட்டதுமே பிடித்துப்போனது!

ஞாயிற்றுக்கிழமை மருமகன் தன் லேப்டாப்பில் லினக்ஸ் மின்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினான். கிட்டத்தட்ட 3 ஜி.பி. அதை 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் 'எட்சர்' என்ற இலவச மென்பொருளால் எழுதினான். ஃபைலை நகலெடுக்கிற மாதிரி சும்மா போட்டால் வேலை செய்யாது. இப்படித்தான் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலியானதையே எடுத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவை என் கையில் கொடுத்து, "இனிமே உங்க ராஜ்ஜியம், அத்தை. சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுத் திருச்சி பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் காலை எல்லோரும் வெளியே போனதும் உட்கார்ந்தேன். பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு எஃப்12 விசையைத் தட்டினேன். (உங்கள் கம்பெனிக்கு எஃப்9, எஸ்கேப் என்று வேறு விசையாக இருக்கலாம்.) எதிலிருந்து கிளம்பட்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். டிஸ்க்கில் எதையும் மாற்றாமலே லினக்ஸ் மின்ட் திரையில் வந்து நின்றது! இது ஒரு பெரிய வசதி. பெண் பார்க்கிற மாதிரி, ஏற்றுவதற்கு முன்பே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, தமிழ் எழுத்து தெரிகிறதா என்று எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அதெல்லாம் பார்க்கவில்லை. முதல் வேலை நகல் எடுப்பது.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தபோது, ஓடு பறக்கிற சத்தத்தில் நான் முதலில் எடுத்தது பெண்ணின் சர்டிபிகேட்டும் அம்மாவின் மாத்திரைப் பையும்தான். டி.வி.யை எடுக்கவில்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கும் அதே கணக்கு. எதைத் திரும்ப வாங்க முடியாதோ அதை முதலில் எடுக்க வேண்டும். சினிமா, பாட்டு, பாடப் புத்தகமெல்லாம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். மொத்தமாக எல்லாவற்றையும் பிடித்து இழுத்தால், வேண்டாததை எடுக்கும்போதே டிஸ்க் நின்றுவிடலாம்.

ஆகவே அம்மாவின் பதிவுகளை மட்டும் முதலில் ஒரு வெளி டிஸ்க்குக்கு அனுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தது. பதினேழாவதில் நின்றது. 'டிக், டிக்.' கை தானாக எழுந்து கும்பிட்டது. சில நிமிஷம் கழித்து நகர்ந்தது. கடைசியில் 41 வந்தன. இரண்டு வரவில்லை. மருமகன் சொன்னபடி அந்த இரண்டையும் தாண்டிவிட்டு, குழந்தைகளின் போட்டோ, தையல் கணக்கு எல்லாம் எடுத்த பிறகு திரும்ப ஒருமுறை முயன்றேன். அப்போதும் வரவில்லை.

வந்ததையும் நம்பிவிடக் கூடாது. ஃபைல் பெயர் மட்டும் வந்திருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் திறந்து கொஞ்சம் கேட்டேன். குழம்புக்குப் பூண்டு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "இது பதிவாகுதாடி?" என்றாள். பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. மூன்று வருஷம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. "ஆகுதும்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். தாலாட்டும் முழுசாக வந்திருந்தது. வராத இரண்டில் அவள் என்ன சொல்லியிருந்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவு வரவில்லை. அதுதான் வலிக்கிறது.

அன்று மாலையே அந்த 41 பதிவுகளை இன்னொரு பென் டிரைவிலும், பெரியவளின் போனிலும் ஏற்றிவிட்டேன். அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, குப்புறக் கவிழ்த்தேன். சிந்தெட்டிக் சேலை வேண்டாம். அதில் உண்டாகிற மின் பொறி சில்லுகளுக்கு ஆகாது. பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு உட்காருங்கள். ஸ்க்ரூக்களில் நீளமும் குட்டையும் கலந்திருக்கும். நான் இட்லித் தட்டை எடுத்து வைத்து, எந்த மூலையில் கழற்றினேனோ அந்த வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டேன். மூடியை நெம்பக் கடினமான கத்தி கூடாது. பழைய பிளாஸ்டிக் கார்டு போதும். திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்து, டிஸ்க்கைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அதே இடத்தில் எஸ்.எஸ்.டி.யைத் தள்ளிப் பொருத்த வேண்டியதுதான். உள்ளங்கை அகலம், பிஸ்கட் கனம்!

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். எங்களுடையது போன்ற பழைய லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா வகை வேண்டும். புதியவற்றில் சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2 என்ற வகை இருக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் பொருந்தாது. பழைய டிஸ்க்கையோ மாடல் நம்பரையோ கடையில் காட்டி வாங்குவது நல்லது. புது லேப்டாப் விலையில் இது ஒரு சிறு பங்குதான்.

மூடியைப் போட்டு ஆன் செய்தேன். கிளம்புவதற்கு எதுவும் இல்லை என்று திரை கறுப்பாகச் சொன்னது. பயப்பட வேண்டாம், காலி வீடு அப்படித்தான் சொல்லும். பென் டிரைவைச் செருகி, முன்போலவே எஃப்12.

லினக்ஸ் மின்ட் வந்ததும் 'இன்ஸ்டால்' என்ற படத்தைத் தட்டினேன். என்ன மொழி என்று கேட்டது. கீபோர்டு எது என்று கேட்டது. அப்புறம்தான் எல்லோரும் பயப்படுகிற கேள்வி: டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு ஏற்றலாமா?

இந்த இடத்தில்தான் பழைய டிஸ்க்கை முதலில் கழற்றி வைத்ததன் அருமை புரிந்தது. அது என் பீரோவில், பட்டுப் புடவைக்கு நடுவே இருக்கிறது. மெஷினுக்குள் இருப்பதோ இன்னும் யாரும் குடியேறாத டிஸ்க். அழித்தால் அழியட்டுமே! இருந்தாலும் திரையில் காட்டிய அளவைப் பார்த்தேன். பழையது 500 ஜி.பி., புதியது 240. காட்டியது 240தான். சரி என்று தட்டினேன். ஊர் கேட்கிற இடத்தில் கொல்கத்தா என்று கொடுத்தேன். நம் நாட்டு நேரம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பாஸ்வேர்டை மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் ஏறி முடிந்துவிட்டது. பென் டிரைவை எடுத்துவிடு என்று திரை சொன்னபோது எடுத்து, என்டரைத் தட்டினேன். இப்போது ஆன் செய்தால் அரிசி களைய நேரமில்லை. தம்ளரில் தண்ணீர் குடித்து வைப்பதற்குள் திரை தயார்! சாயங்காலம் வந்த இவர், "அட, இது நம்ம லேப்டாப்பா?" என்றார். "நம்மதுதாங்க. உள்ளே ஆள்தான் மாறியிருக்கு" என்றேன்.

லினக்ஸில் எல்லாமே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸுக்கென்றே செய்த சில மென்பொருள்கள் ஓடாது. கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. இணையம், வீடியோ எல்லாம் உண்டு. குழந்தையின் பள்ளியிலோ வேலையிலோ விண்டோஸ்தான் வேண்டும் என்றால், உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11க்குத் தகுதியானதா என்று பார்த்து அதையே இதே முறையில் ஏற்றலாம். முறை ஒன்றுதான்: நகல் எடு, பழையதைக் கழற்றி வை, புதியதில் ஏற்று.

பெரியவள் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தமிழ் 99 கீபோர்டில் பழகி, பாட்டி சொன்ன பத்தியச் சமையலையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். அம்மா சொன்ன உரைமருந்தை மட்டும் எழுதவில்லை. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அம்மாவின் குரலில் கேட்பதோடு சரி. ஆனால் தாலாட்டுக்கு எந்த டாக்டரும் தடை சொல்லவில்லையே!

கடைசியாக இரண்டு வார்த்தை. உங்கள் டிஸ்க் சத்தம் போட்டு, திரையில் பெயரே தெரியவில்லை என்றால் மேற்கொண்டு முயலாதீர்கள்; அணைத்துவிட்டு, தகவல் மீட்கிறவர்களிடம் கொடுங்கள். எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதென்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். அதுவும் ஒருநாள் சொல்லாமல் போகும். வருஷக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்தால் உள்ளே இருப்பது அழியவும் கூடும். முக்கியமானவை மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு சுத்தம் செய்கிறபோது மூன்றையும் திறந்து பார்ப்பதென்று வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்று மதியம் வேலை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.